பட்டன் இருந்தும் வெடித்த டயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் கேரவன் பயணம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது, மறு வருடமே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது, களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் ஆட்கள் காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் வீடு செய்யத் தொடங்கியது என்று எல்லாவற்றையும் நன்றாக எழுதியிருந்தீர்கள். கட்டில் எப்படி மடங்கும், அடுப்பு எங்கே வரும், கழிவறைக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறும் என்றெல்லாம் இருந்தது. டயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. "நல்ல டயராகப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி. எது நல்ல டயர் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். முழுதாகப் போட முடியாவிட்டால் எடை பற்றியும் தேதி பற்றியும் சொல்லியிருப்பதையாவது போடுங்கள்.

நான் குழித்துறைக்காரன். மார்த்தாண்டத்தில் 31 வருடம் டயர் ரீட்ரேடிங் பட்டறையில், அதாவது தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை ஒட்டும் இடத்தில், வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் அருமனைப் பக்கம் அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டு. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டி, சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிட்டு வளர்ந்தவன். ஆக, மரத்திலிருந்து இறங்கும் ரப்பரையும் தெரியும், லாரியிலிருந்து கழற்றிப் போடும் ரப்பரையும் தெரியும். அப்படிப்பட்ட எனக்கே என் வீட்டு டிரெய்லரில் டயர் வெடித்தது.

2023 ஆகஸ்ட் கடைசி. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் புறப்பட்டோம். என் அம்மைக்கு அப்போது 84 வயது. லாட்ஜில் மாடி ஏற முடியாது, வெளிக் கழிவறைக்குப் போக முடியாது. அதற்காகவே என் மகன் 2019-இல் ஒரு டிரெய்லர் வீடு செய்தான். அவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அடிச்சட்டம் அவன் கையாலேயே அடித்தது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்படி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பொலேரோவில் கோர்த்து இழுப்போம். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அம்மையும் என் மனைவியும் பொலேரோவில் பின் சீட்டில் இருந்தார்கள்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலுக்கு வரும்போதே காற்று பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் அங்கே அடிக்கும் மேற்குக் காற்றை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றாடிகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? டிரெய்லர் வாலைப் போல ஆடியது. மகன் வேகத்தைக் குறைத்தான். காவல்கிணறு கடந்து, பணகுடி தாண்டி, நான்குவழிச் சாலையில் மதியம் 2 மணி இருக்கும். பின்னால் ஒரு சத்தம். வெடிச் சத்தம் என்று சொல்ல மாட்டேன், பெரிய கதவைக் காற்று இழுத்து அறைந்த மாதிரி. உடனே தகரத்தில் சாட்டையால் அடிப்பது போலத் தட தட என்று அடிக்கத் தொடங்கியது. அம்மை பின்னாலிருந்து, "மக்களே, என்னமோ இழுபடுது" என்றாள். மகன் பிரேக்கை அமுக்கவில்லை. நல்லவேளை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மெல்ல மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்தான். அமுக்கியிருந்தால் டிரெய்லர் குறுக்கே திரும்பியிருக்கும்.

இறங்கிப் பார்த்தால் வலது சக்கரம். டயரின் மேல்பட்டை தனியாக உரிந்து, கம்பி தெரிய, வாழைமட்டையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அது சுற்றிச் சுற்றி அடித்ததில் சக்கரத்துக்கு மேலே இருந்த பிளைவுட் நொறுங்கி, தண்ணீர்க் குழாய் அறுந்து, தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. விளக்குக்குப் போகும் ஒயரும் போயிற்று. தார்ச்சாலை கொதித்தது, செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தச் சூட்டிலும் டயரிலிருந்து வந்த வாடை எனக்குத் தனியாகத் தெரிந்தது. புகைப்புரையில் நெருப்பு மிஞ்சிப்போய் ஷீட் கருகினால் வருமே, அதே வாடை.

அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டன், அதாவது டயர் சாலையில் படும் இடத்தில் இருக்கும் வெட்டு, முழுசாக இருந்தது. நகத்தை விட்டால் அடி வரை போகிறது. பக்கத்தில் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடிகூட அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த டிரெய்லர் நான்கு வருடத்தில் 6,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. அப்புறம் ஏன் வெடித்தது?

டயரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். அங்கேதான் அந்த நான்கு இலக்கம் இருந்தது. 2316. இது எல்லா டயரிலும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். மகன் டிரெய்லர் செய்தபோது, காருக்கு அலாய் சக்கரம் மாற்றிய ஒருவர் கழற்றிப் போட்ட டயரையும், டயர் உட்காரும் டிஸ்க்கையும் சேர்த்து வாங்கியிருந்தான். "பட்டன் புதுசுப்பா" என்றான். நானும் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். தேதியைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான டயரைப் பார்த்த கண்தான் அதுவும். பட்டறைக்கு வருவதெல்லாம் ஓடித் தேய்ந்த டயர். ஓடாமல் கெட்ட டயர் எங்களிடம் வருவதே இல்லை. அதனால் அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். லாரி டயர் ஓடித் தேயும். டிரெய்லர் வீட்டு டயர் நின்றே கெடும்.

ரப்பர் வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷீட்டை வெயிலில் மறந்து போட்டுவிட்டால் இரண்டு நாளில் பிசுபிசுத்து, கறுத்து, விலைக்கு ஆகாமல் போகும். அதனால்தான் நிழலில் உலர்த்திப் புகை போடுகிறோம். அமெரிக்காவில் 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் ரப்பர் வெயிலுக்கு உருகாமல் நின்றது. இன்றைக்கு டயரெல்லாம் அந்த வழியில் செய்ததுதான். உருகாது, சரி. ஆனாலும் வெயிலும் காற்றும் அதைத் தின்னத்தான் செய்யும். காற்றில் ஓசோன் என்று ஒன்று இருக்கிறது. இழுபட்டு நிற்கிற ரப்பரைப் பார்த்து அது கீறும். அதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே ரப்பரில் ஒரு மருந்தையும் மெழுகையும் கலக்கிறார்கள். டயர் ஓடி, வளைந்து, நெளியும்போது அந்த மெழுகு உள்ளேயிருந்து மெல்ல மேலே வந்து தோலின்மேல் ஒரு பூச்சாக நிற்கும். தினமும் ஓடும் பேருந்து டயருக்கு அந்தப் பூச்சு தினமும் புதுசாகக் கிடைக்கிறது. வருடத்தில் 11 மாதம் ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லருக்கு அது கிடைப்பதில்லை. தோல் காய்ந்து மயிரிழைக் கீறல் விழும். உள்ளே கம்பிக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பும் வருடம் ஆக ஆகத் தளரும். இது வெளியே தெரியாது.

எங்கள் டிரெய்லர் எங்கே நின்றது தெரியுமா? மகனுடைய வெல்டிங் பட்டறைச் சுவரை ஒட்டி. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் அது அசையவே இல்லை. வெல்டிங் பொறியிலிருந்து ஓசோன் வரும், ஓடும் மின்மோட்டாரிலிருந்தும் வரும். அவற்றின் பக்கத்தில் டயரை வைக்கக் கூடாது என்று எங்கள் பட்டறையில் கேசிங் (ரீட்ரேடிங்குக்கு வரும் பழைய டயர்) அடுக்கும்போது நானே பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். சொந்த டிரெய்லர் நின்றபோது தோன்றவில்லை. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் வெல்டிங். அந்த டயர் எப்படித் தாங்கும்?

இனி எடை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக டிரெய்லரைத் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 1,480 கிலோ. அதில் பொலேரோவின் கொக்கியில் இறங்குவது 160 கிலோ. மீதி 1,320 கிலோ இரண்டு டயரின்மேல். பாதிப் பாதியாக 660 என்று நினைத்தேன். எடைமேடைக்காரர் நல்ல மனிதர், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்க்க விட்டார். வலதில் 720, இடதில் 600. அடுப்படியும் தண்ணீர்த் தொட்டியும் வலது பக்கம் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி நிறைந்தால் 100 கிலோ அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும்.

அந்த டயரின் பக்கத்தில் 195/65 ஆர் 15 91 என்று போட்டிருந்தது. கடைசியில் வரும் 91 பாரக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 615 கிலோ. 720 கிலோ உட்கார்ந்திருந்த இடத்தில் 615 தாங்குகிற டயர்! அதுவும் ஏழு வருடம் ஆன டயர். காரில் அதே டயர் நன்றாகத்தான் ஓடியிருக்கும். டிரெய்லர் கேட்பது வேறு.

என் தங்கை மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அந்த ஊரில் டிரெய்லர் வீடு என்பது சாதாரணம், ஓய்வுபெற்றவர்கள் அதிலேயே மாதக்கணக்கில் சுற்றுவார்களாம். அவனிடமும் ஒன்று இருக்கிறது, நம்முடையதைப்போல மூன்று மடங்கு. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், 4,300 கிலோ. எங்களுக்கு டயர் வெடித்ததைக் கேட்டதும் வீடியோவில் கூப்பிட்டு, "மாமா, உங்க தொழில் அதுதானே, உங்களுக்கே இப்படின்னா?" என்று பதறினான். அன்றைக்கு ஒரு மணிநேரம் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். மருமகனிடம் பாடம் கேட்பதில் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவன் சொன்னதில் சிலவற்றை அப்படியே தருகிறேன். படிப்பவர்களுக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பயன்படும்.

அங்கே டிரெய்லருக்கென்றே தனியாக டயர் செய்கிறார்கள். அளவுக்கு முன்னால் எஸ்டி என்று எழுத்து இருக்கும். பக்கச்சுவர் தடிப்பாக, விறைப்பாக இருக்கும். டிரெய்லர் ஆடும்போது டயர் குழையாமல் நிற்பதற்காக அப்படி. இழுக்கிற வண்டிக்கு அதைப் போடக் கூடாது. அந்த டயரில் வேறு வேகம் குறிப்பிடாவிட்டால் மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் அதற்கு எல்லை. பெரிய சாலை காலியாக இருக்கிறதென்று 80 மைலில் போகிறவர்களுக்குத்தான் அதிகம் வெடிக்கிறது என்றான். சூடு ஏறுவது வேகத்தாலும் பாரத்தாலும் காற்றுக் குறைவாலும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தக் கம்பெனி டயரும் நிற்காது.

பாரத்துக்கு அங்கே சி, டி, இ என்று எழுத்துப் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். அவன் டிரெய்லரில் முதலில் வந்தது எஸ்டி 225/75 ஆர் 15, டி தரம். 65 பவுண்டு காற்றில் ஒரு டயர் 2,540 ராத்தல் எடை தாங்கும், நம் கணக்கில் 1,152 கிலோ. அதே அளவில் இ தரம் எடுத்தால் 80 பவுண்டு காற்றில் 2,830 ராத்தல், 1,284 கிலோ. அவன் ஒவ்வொரு சக்கரமாக எடை பார்த்தபோது அடுப்படிப் பக்கத்துப் பின்சக்கரத்தில் 1,130 கிலோ இருந்திருக்கிறது. நான்கையும் கூட்டிப் பார்த்தால் டி தரமே போதும் என்றுதான் கணக்கு வரும். தனியாகப் பார்த்தால் அந்த ஒரு டயர் விளிம்பில் நிற்கிறது. உடனே நான்கையும் இ தரத்துக்கு மாற்றிவிட்டான். மாற்றும்போது டிஸ்க் 80 பவுண்டு தாங்குமா என்று அதன் உள்பக்கம் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்தானாம், ரப்பர் வால்வை எடுத்துவிட்டு இரும்பு வால்வு போட்டானாம். டயரை மட்டும் உயர்த்தி டிஸ்க்கையும் வால்வையும் பழையபடி விட்டால் அங்கிருந்து காற்று போகும். இது நம் ஊர்க் கடைக்காரர்களும் கவனிக்காத இடம்.

இன்னொன்று சொன்னான், அது எனக்கு உறைத்தது. கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன்மேல் எழுதியிருக்கும் எடையை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. எங்கள் 615-ஐ அப்படி வகுத்தால் 559. அதன்மேல் 720 ஏற்றியிருந்தோம். நான்கு வருடம் அது தாங்கியதே மாதாவின் கிருபை என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சரி, நம் ஊரில் என்ன டயர் எடுப்பது? எஸ்டி டயர் மார்த்தாண்டம், நாகர்கோவில், பாறசாலை என்று நான் கேட்ட கடை எதிலும் இல்லை. சிறு சரக்கு வண்டிகளுக்குப் போடும் எல்டி டயர் இருக்கிறது. நாங்கள் 185 ஆர் 14, 8 பிஆர் எடுத்தோம் (பிஆர் என்பது பாரம் தாங்கும் தரம்). அதில் 102/100 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டும் வண்டிக்கு. 102 என்றால் 850 கிலோ. எங்கள் வலது பக்கத்து 720-க்கு மேல் 130 கிலோ மிச்சம். எப்போதும் இப்படிக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பாரம் கூடினால் டயரைக் கூட்டுவது ஒரு வழி, சாமானை இடம் மாற்றுவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டும் செய்தோம். பேட்டரியையும் கேஸ் சிலிண்டரையும் இடது பக்கத்துக்கு மாற்றியதில் இரண்டு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. கொக்கியில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும் என்பதால் முன்னும் பின்னும் மாற்றும்போது அதையும் பார்த்தோம். பின்பக்கம் பாரம் கூடிக் கொக்கி லேசானால் முப்பந்தல் காற்றுக்கு டிரெய்லர் ஆடத் தொடங்கிவிடும்.

உள்ளே நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய நைலான் டயரா, கம்பிப் பட்டை வைத்த ரேடியலா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். வயல் டிரெய்லருக்கு, கல் ஏற்றும் வண்டிக்கு நைலான் போதும், பக்கச்சுவர் அடி தாங்கும். தூரம் ஓடும் கேரவனுக்கு ரேடியல்தான் என் கட்சி. சூடு குறைவு. நைலான் பல நாள் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, ஓடத் தொடங்கும்போது குதிக்கும். ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று கலந்து மாட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரீட்ரேடிங் டயர் போடலாமா என்றும் கேட்பார்கள். அந்தத் தொழிலில் சாப்பிட்டவன் நான். லாரியின் பின்சக்கரத்துக்கும் பேருந்துக்கும் நல்ல கேசிங்கில் செய்த ரீட்ரேடிங் நன்றாக ஓடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவை தினமும் ஓடுகிற வண்டிகள். நின்று நின்று எப்போதாவது ஓடும் டிரெய்லர் வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லரைப் பங்க் காற்றுக்குழாய்க்குக் கொண்டுபோனால் அங்கே நிற்கும் பையன் கேட்காமலே 35 பவுண்டு அடிப்பான். கார் கணக்கு அது. எங்கள் புது டயருக்கு 65 பவுண்டு. டயர் தாங்கும் எடை என்று எழுதியிருப்பது அந்த முழுக் காற்று இருக்கும்போதுதான். பாதிக் காற்றில் பாரத்தை ஏற்றினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும், உள்ளே சூடு ஏறும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கையைச் சுடுமே, அது மாதிரி. காலையில் ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்ப வேண்டும். வழியில் சூடாகிக் காற்று கூடிக் காட்டினால் இறக்கிவிடக் கூடாது. அது கூடத்தான் செய்யும்.

காரில் காற்று இறங்கினால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் தெரியும். டிரெய்லரில் தெரியாது. அதனால் ஒவ்வொரு சாயாக்கடையில் நிற்கும்போதும் நான் முதலில் டிரெய்லரைச் சுற்றி வருகிறேன். புறங்கையை டயரின்மேல் வைப்பேன், அப்புறம் நடுவில் ஹப்பின்மேல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்து டயர் அதிகம் சுட்டால் காற்று குறைந்திருக்கிறது அல்லது பாரம் கூடியிருக்கிறது. ஹப் சுட்டால் பேரிங் அல்லது பிரேக் பிடிக்கிறது. டிஸ்க் மாட்டிய அன்று முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். என் மருமகன் ஒவ்வொரு டயருக்கும் காற்று காட்டும் சின்னக் கருவி மாட்டி முன்னாலிருந்தே பார்க்கிறான். அது நல்ல பொருள், இங்கேயும் கிடைக்கிறது, நாங்களும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் புறங்கையை வைக்கும் பழக்கத்தை நான் விடவில்லை.

நின்றிருக்கும் காலத்தில் இப்போது எங்கள் டிரெய்லர் புகைப்புரைக்குப் பின்னால் பலாமர நிழலில், பலகைமேல் நிற்கிறது. டயருக்குச் சாக்கு மூடியிருக்கிறோம். மாதம் ஒருமுறை மகன் முற்றத்தில் இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைக்கிறான். பளபளப்புக்காக எண்ணெய்ப் பூச்சு எதுவும் போடுவதில்லை. மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் எது பட்டாலும் ரப்பருக்கு விஷம். ஸ்டெப்னியைப் பின்னால் வெயிலில் தொங்கவிடாதீர்கள். அன்றைக்குப் பணகுடிக்கு அப்பால் நாங்கள் மாட்டிய ஸ்டெப்னியும் அதே 2016 டயர்தான். அதை மாட்டிக்கொண்டு வள்ளியூர் வரை 40-இல் உருட்டி வந்த அந்தக் கொஞ்ச தூரத்தை என்னால் மறக்க முடியாது. அம்மை வழி முழுவதும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

பட்டன் எவ்வளவு இருந்தாலும் 5 வருடம் ஆனால் டிரெய்லர் டயரை மாற்றிவிட வேண்டும் என்பது என் கணக்கு. கடையில் புதுசு வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். கடையின் மாடியில் இரண்டு வருடம் கிடந்த டயரும் புது டயர் என்றுதான் விற்கும். ஆறு மாதத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது வெளிப்பக்கம் வரும்படி மாட்டச் சொல்லுங்கள். எங்களுடையது உள்பக்கம் இருந்ததால்தான் நான்கு வருடம் கண்ணில் படவே இல்லை.

உங்கள் நாளிதழ் வழியாக டிரெய்லர் வீடு செய்யும் பட்டறைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு டிரெய்லரிலும் முன்பக்கம் இடது புறத்தில் ஒரு பட்டயம் ஒட்டியிருக்கும் என்று மருமகன் படம் எடுத்து அனுப்பினான். மொத்தம் எவ்வளவு எடை ஏற்றலாம், அச்சு எவ்வளவு தாங்கும், எந்த அளவு டயர், குளிர்ந்த நிலையில் எத்தனை பவுண்டு காற்று என்று நான்கும் அதில் இருக்கும். நம்மிடம் செய்து தரும் வண்டிகளில் பட்டறையின் பெயரும் போன் நம்பரும் பெரிதாக இருக்கிறது, இந்த நான்கும் இல்லை. ஒரு தகரத்தில் நான்கு எண் அடித்துக் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்? என் மகன் இப்போது செய்யும் ஒவ்வொரு டிரெய்லரையும் எடைமேடையில் ஏற்றி, அந்தத் தகடு அடித்த பிறகுதான் கொடுக்கிறான். வாங்குகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டும். டயர்க் கடைக்காரர்கள் பில்லில் அளவோடு அந்த நான்கு இலக்கத் தேதியையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

உங்கள் கட்டுரையில் போட்டிருந்த படத்தில் ஒரு குடும்பம் டிரெய்லர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பாட்டி. அந்த டிரெய்லரின் டயரை நான் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தேன். அளவு தெரியவில்லை, ஆனால் அது கார் டயர்தான், அலாய் டிஸ்க்கோடு. அவர்களுடைய முகவரி உங்களிடம் இருக்கும். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தாலும் பிரசுரிக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு போன் செய்து, எடை பார்க்கவும் தேதி பார்க்கவும் சொல்லிவிடுங்கள்.

வெடித்த டயரில் ஒரு முழம் அறுத்து வைத்திருக்கிறேன். மேலே பட்டன் புதுசு, பக்கச்சுவரில் மயிரிழைக் கீறல்கள், உள்ளே கம்பி ரப்பரை விட்டு விலகியது மூன்றும் அந்த ஒரு துண்டிலேயே தெரியும். உங்கள் புகைப்படக்காரர் இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டயர் ரீட்ரேடிங் தொழிலாளி,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.